எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பச்சைக் காய்கறியும் சாலடும் எப்போது, எப்படித் தொடங்கலாம்?

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய் போல ஒடுக்கும் அறுவை) செய்து 10 வாரம் ஆகிறது, வேகவைத்த காய்கறி ஒத்துக்கொள்கிறது, ஆனால் பச்சைக் கேரட் இரண்டு துண்டு சாப்பிட்டதும் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக 2 முதல் 3 மாதத்துக்குள் பச்சைக் காய்கறிக்கு அனுமதி கிடைக்கும். உங்களுக்கு அறுவை செய்த குழு வேறு தேதி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆனாலும் அந்தத் தேதி வந்துவிட்டதால் மட்டும் கேரட் இறங்கிவிடாது. இனி அதை அரைக்க வேண்டியது உங்கள் பல்.

காரணம் இதுதான். முழு இரைப்பையின் அடிப்பகுதி ஓர் அரவை இயந்திரம் மாதிரி. திட உணவை 1, 2 மில்லிமீட்டர் துகளாகும்வரை பிசைந்துதான் சிறுகுடலுக்கு அனுப்பும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை உள்ளே அளவுக்கு வைத்து, அதையொட்டித் தைத்த ஒடுக்கமான பைதான் மிச்சம். பைபாஸ் என்ற இன்னொரு வகை அறுவையில் அந்த அரவைப் பகுதியை உணவு தொடுவதே இல்லை. சுமார் 30 மில்லி கொள்ளும் பையிலிருந்து, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் அகலத் திறப்பு வழியாக நேரே சிறுகுடலுக்குப் போகிறது. அந்தப் பையில் அமிலமும் மிகக் குறைவு. காய்கறியின் நாரை மனித உடலால் எப்படியும் செரிக்க முடியாது. வேகவைத்தால் நாரைப் பிணைக்கும் பெக்டின் இளகிவிடும், பச்சையாக இருந்தால் அப்படியே விறைப்பாக நிற்கும். சரியாக மெல்லாத கேரட் துண்டு துண்டாகவேதான் போய்ச் சேரும்.

அதனால் வேகவைத்ததிலிருந்து ஒரே தாவாகப் பச்சைக்குப் போகாதீர்கள். நடுவில் ஒரு படி இருக்கிறது, பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பொடியாக நறுக்கிய காயை 4, 5 நிமிடம் மட்டும் ஆவியில் வைத்து, கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும் பதத்தில் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் வாந்தியோ அடைப்போ இல்லாமல் இது இறங்கினால் பச்சைக்குத் தயார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பச்சைக் காயாக வெள்ளரியைத்தான் சொல்வேன். தோலைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, விதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். மீதியைப் பயறளவுக்கு நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டில், புரத உணவை முடித்த பிறகு சாப்பிடுங்கள். இரவு வேண்டாம், அடைத்துக்கொண்டால் படுக்க முடியாமல் தவிப்பீர்கள். அன்று வேறு புது உணவு எதுவும் சேர்க்காதீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். இரண்டு நாள் அதே அளவு, சிக்கல் இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி, பிறகு அடுத்த காய்.

அடுத்தது பழுத்த தக்காளி. கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரித்து, விதையையும் நீக்கிவிடுங்கள். செரிக்காத தக்காளித் தோல் சுருண்டு குச்சி மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு கேரட், அதுவும் துருவியின் பொடிக் கண்ணில் துருவியது. குடைமிளகாயைத் தோல் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வை எடுத்துவிட்டுச் சாப்பிடலாம். லெட்யூஸ் மென்மையாகத் தெரிவதால் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. இலை மெல்லியதாக இருப்பதால் பல்லுக்கு நடுவே வழுக்கி, மடிந்து, அப்படியே உள்ளே போய்விடும். விரிந்த ஓர் இலைத்துண்டு பையின் ஒடுக்கமான திறப்பின் மேல் மூடி போல உட்கார்ந்துவிடலாம். மென்மையான ரகமாகப் பார்த்து, நடு நரம்பைக் கிழித்தெடுத்து, இலையைச் சுருட்டி நூலாக அரிந்து, குறுக்கேயும் ஒருமுறை வெட்டுங்கள். செலரி, ஆஸ்பராகஸ் தண்டு, சோளம், பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் கடைசி. செலரியின் நார் எவ்வளவு மென்றாலும் நூலாகவே நிற்கும், அதை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. இப்படிப்பட்ட நார் பையில் சேர்ந்து பந்தாகத் திரண்டுவிடுவதும் உண்டு. பெசோர் என்று சொல்வார்கள். சில சமயம் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்) வைத்து அதை உடைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

நன்றாக மெல்லுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும்போது, சுண்டுவிரல் நகத்தளவு துண்டு ஒன்றை வாயில் போட்டு 25 முறை மென்று, விழுங்காமல் ஒரு கரண்டியில் துப்பிப் பாருங்கள். வெள்ளரி கூழாகியிருக்கும். கேரட்டில் இன்னும் மணல்மணலாகக் குருணை தெரியும், அதற்கு 35, 40 முறை வேண்டும் என்று அப்போது புரியும். லெட்யூஸில் கிழிந்த இலைத்துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் பொடியாக அரிய வேண்டும். பல்செட் வைத்திருப்பவர்களுக்கும் கடைவாய்ப் பல் இல்லாதவர்களுக்கும் இந்தச் சோதனை கட்டாயம் தேவை. தேறவில்லையென்றால் அந்தக் காயை வேகவைத்தே சாப்பிடலாம், அதனால் உடலுக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து இடப் பிரச்சினை. இந்த அறுவைக்குப் பிறகு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படுகிறது. 100 கிராம் வெள்ளரியில் 95 கிராம் தண்ணீர், புரதம் ஒரு கிராம்கூட இல்லை. ஒரு வேளைக்கு அரைக் கோப்பைதான் கொள்ளும் வயிற்றில் முதலில் சாலட் போனால் முட்டைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் இடமிருக்காது. எடை வேகமாகக் குறையும் இந்த மாதங்களில் புரதமும் குறைந்தால் தசை கரையும், முடி கொட்டுவதும் கூடும். எனவே புரதம் முதலில், வேகவைத்த காய் அடுத்து, சாலட் கடைசியில் இரண்டு கரண்டி. முதல் ஆறு மாதத்துக்குச் சாலடையே ஒரு வேளைச் சாப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. பாட்டிலில் வரும் இனிப்பான டிரெஸ்ஸிங் பைபாஸ் செய்தவர்களுக்கு டம்பிங், அதாவது சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் கொட்டுவதால் வரும் உபாதையைக் கொண்டுவரலாம். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு வந்தால் பழியைக் காய்கறி மேல் போடாமல் பாட்டிலின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். இனிப்பில்லாத தயிரில் எலுமிச்சையும் மிளகும் கலந்தால் போதும். அந்த ஈரம் துருவலை ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பதால் விழுங்கவும் எளிது.

பைபாஸ் செய்தவர்கள் பச்சைப் பசலைக்கீரையையும் பீட்ரூட்டையும் தினசரி சாலட் ஆக்க வேண்டாம். இவற்றில் ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். பைபாஸுக்குப் பிறகு செரிக்காமல் மிஞ்சும் கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்ஸலேட் தனியாக விடப்பட்டு ரத்தத்தில் ஏறும், அதனால் சிறுநீரகக் கல் அபாயம் கூடும்.

அமிலம் குறைந்த வயிறு கிருமியைக் கொல்வதிலும் பலவீனமானது, அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, இறைச்சி வெட்டாத பலகையில் நறுக்குங்கள். நறுக்கியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். பச்சை முளைகட்டிய பயறு வேண்டாம், கிருமி விதைக்குள்ளேயே இருந்தால் கழுவினாலும் போகாது.

மலச்சிக்கலுக்காகச் சாலடை அவசரப்படுத்துபவர்கள் முதலில் தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகாத நிலையில் நாரைச் சேர்த்தால் சிக்கல் இன்னும் இறுகும். அந்தத் தண்ணீரும் சாப்பாட்டோடு வேண்டாம், முடித்து அரை மணி கழித்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

அடைக்கப்போவதை உடம்பு முன்கூட்டியே சொல்லும். திடீர் விக்கல், மூக்கில் நீர், வாயில் நுரைநுரையாக எச்சில், மார்பெலும்புக்குக் கீழே அழுத்தம். ஏதாவது ஒன்று வந்ததும் கரண்டியைக் கீழே வையுங்கள். தண்ணீரோ சோடாவோ குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். அது அடைப்புக்கு மேலே தேங்கி வலியைக் கூட்டும். நிமிர்ந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, தண்ணீரும் தங்கவில்லை, கடுமையான வலி, காய்ச்சல், நிற்காத படபடப்பு என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாட்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் B1) சத்து தீர்ந்து நரம்பே பாதிக்கப்படும்.

உங்கள் கேரட்டுக்கு வருவோம். அன்று மட்டும்தான் அடைத்தது, மற்ற உணவெல்லாம் வழக்கம்போல இறங்குகிறது என்றால் இரண்டு நாள் மென்மையான உணவுக்குத் திரும்பி, அரைவேக்காட்டுப் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கேரட்டை மூன்று வாரம் கழித்துத் துருவலாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போன மாதம் சுலபமாக இறங்கிய மீனும் முட்டையும் இப்போது சிக்குகிறது, கூழும் கஷ்டமாகிறது என்றால் பாதையே குறுகியிருக்கக்கூடும். அது மென்று சரியாகிற விஷயமில்லை. எண்டோஸ்கோப்பியில் பார்த்து, தேவைப்பட்டால் பலூன் வைத்து விரிப்பார்கள். அதுவரை பச்சைக் காய்கறி எதையும் தொடாதீர்கள்.