செவ்வாய்ப் படம் அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். செவ்வாய்க் கோளின் படங்களைச் சேர்த்து வைக்கிறாள். தரை ஒரு படத்தில் செம்மண் நிறமாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருக்கிறது. போதாததற்கு 'செவ்வாயில் வாசல்' என்று ஒரு படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. எதை நம்புவது? அசல் படங்களை அவளே எடுத்துப் பார்க்க வழி உண்டா? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இவற்றை வைத்து ஏதாவது செய்யலாமா?

பதில்: வழி உண்டு, காசும் வேண்டாம். கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் என்ற இரண்டு ரோவர்களும் (செவ்வாய்த் தரையில் நகரும் ஆளில்லா வண்டிகள்) எடுக்கும் படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்ததும், யாரும் மெருகேற்றாமல் அப்படியே நாசாவின் தளத்தில் ஏறிவிடுகின்றன. ரோவரின் பெயரோடு 'ரா இமேஜஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் போதும். எந்தப் படத்தை எடுத்தாலும் எந்த சோல், எந்தக் கேமரா என்று அதனுடன் போட்டிருக்கும். சோல் என்பது ரோவர் இறங்கியதிலிருந்து எண்ணப்படும் செவ்வாய் நாள். 24 மணி 39 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. அதனால் உங்கள் மகள் முதலில் பழகவேண்டியது இதுதான்: சோல் எண்ணும் கேமராவின் பெயரும் தெரியாத ரோவர் படத்தை ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம். அவை தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த வாசல் படத்தையே எடுத்துக்கொள்வோம். அது போலி இல்லை. 2022 மே 7 அன்று, சோல் 3466-இல், கியூரியாசிட்டியின் கம்பத்தில் உள்ள மாஸ்ட்கேம் என்ற கேமரா எடுத்தது. இடம், கேல் பள்ளத்தின் நடுவே நிற்கும் ஷார்ப் மலையின் சரிவு. ஏமாற்றுவது அளவுதான். அந்தத் திறப்பின் உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் சுமார் 40 செ.மீ. பக்கத்தில் ஒப்பிட மரமோ ஆளோ இல்லாததால் நம் கண் தானாகவே அதை ஆள் உயரமாக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதிப் பாறையில் நேர்கோடாக ஓடும் விரிசல்கள் நிறைய உண்டு. அவை சந்திக்கும் இடத்தில் உருவான பிளவு அது. அதே சோலில் எடுத்த மற்றப் படங்களையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெட்டியெடுத்த ஒற்றைப் படம் தரும் மயக்கம், சுற்றுப்புறத்தோடு பார்க்கும்போது போய்விடும்.

இன்னொரு சோதனையும் எளிது. ரோவரின் வழிகாட்டும் கேமராவான நேவ்கேமுக்கு இடக்கண், வலக்கண் என்று இரண்டு உண்டு. 2014 ஏப்ரலில் கியூரியாசிட்டி படத்தில் தொடுவானத்தருகே ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்ததும் 'செவ்வாயில் விளக்கு' என்று செய்தி பரவியது. வலக்கண் படத்தில் இருந்த அந்தப் புள்ளி, ஒரு நொடிக்குள் இடக்கண் எடுத்த படத்தில் இல்லை. கேமராவின் உணரியில் அண்டக்கதிர் (விண்வெளியிலிருந்து வேகமாக வரும்) துகள் மோதினாலும் இப்படி ஒரு புள்ளி விழும். பாறை ஒன்று வெயிலில் மின்னி, அது ஒரு கண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்கவும் கூடும். எதையாவது வினோதமாகப் பார்த்தால், உடனே ஜோடிப் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். உங்கள் மகளின் குழப்பம் நியாயமானது. விஞ்ஞானிகளுக்கும் அது நேர்ந்திருக்கிறது. 1976 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 கலம் அனுப்பிய முதல் வண்ணப் படத்தை வெளியிட்டபோது வானம் நீலமாக இருந்தது. நிறங்களைச் சரியாக அளவிட்ட பிறகுதான், தூசி மிதக்கும் அந்த வானம் சிவந்து மங்கியது என்று தெரிந்தது. இன்று ஒவ்வொரு ரோவரும் நிறம் தெரிந்த வண்ண மாதிரிகளைத் தன் மேலேயே சுமந்து செல்கிறது. அதை அவ்வப்போது படம் எடுத்து ஒப்பிட்டு நிறத்தைச் சரிபார்க்கிறார்கள்.

அப்படியிருந்தும் ஒரே இடத்துக்குப் பல நிறங்களில் படங்கள் வரும். முதலாவது, அங்கே போய் நின்றால் நம் கண்ணுக்கு ஏறத்தாழ எப்படித் தெரியுமோ அப்படி. இரண்டாவது, பூமியின் வெயிலில் அதே பாறை எப்படித் தெரியும் என்று வெளிச்சத்தை மாற்றிய படம். இங்கே பாறைகளைப் பார்த்துப் பழகிய புவியியலாளர்களுக்கு அது உதவும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் சேர்த்துச் செய்த பொய்வண்ணப் படம். இவை எதுவும் மோசடி இல்லை, ஆனால் எது எந்த வகை என்று கீழே எழுதியிருக்க வேண்டும். ஒரே காட்சி ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வகையைக் குறித்து வைக்கச் சொல்வேன். கியூரியாசிட்டியின் நேவ்கேம் கறுப்பு வெள்ளைக் கேமரா. அதன் படம் வண்ணத்தில் வந்தால் யாரோ பிறகு நிறம் பூசியிருக்கிறார்கள். அப்புறம், சூரியன் மறையும்போது அதைச் சுற்றிய வானம் நீலமாகத் தெரியும் படங்கள் உண்மையானவை. அங்குள்ள நுண்தூசி நீல ஒளியை சூரியன் இருக்கும் திசையை ஒட்டியே அதிகம் அனுப்புகிறது.

நீல மணல்மேடுகள் வந்திருந்தால், அவை அநேகமாக மேலிருந்து எடுத்தவை. மார்ஸ் ரிகானைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற நாசா விண்கலம் 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவருகிறது. அதிலுள்ள ஹைரைஸ் கேமரா சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து, ஒரு பிக்சலுக்கு 25 முதல் 30 செ.மீ. வரை துல்லியமாக எடுக்கும். சுமார் 3 மீட்டர் நீளமுள்ள கியூரியாசிட்டியே அதில் பத்துப் பன்னிரண்டு பிக்சல் நீளத்துக்குத் தெரியும். இதன் வண்ணப் படங்களில் அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், நீலப்பச்சையை நீலமாகவும் காட்டுகிறார்கள். அதனால் கரிய எரிமலை மணல் நீலமாகிவிடுகிறது.

மேலிருந்து எடுத்த படங்களில் பள்ளம் மேடாகத் தெரியும் தொல்லையும் உண்டு. இந்த ஆர்பிட்டர் பகலில் ஓர் இடத்தைக் கடக்கும்போது பெரும்பாலும் அங்கே பிற்பகல் மூன்று மணி போல இருக்கும். ஆகவே வடக்கு மேலே இருக்கும்படி திருப்பிய படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். இதை மனதில் வைத்துப் பார்த்தால் பள்ளம் பள்ளமாகவே தெரியும். 1976-இல் வைக்கிங் ஆர்பிட்டர் படத்தில் தெரிந்த 'செவ்வாய் முகம்' கூடத் தாழ்வான வெயிலின் நிழல் செய்த வேலைதான். 1998-இலும் 2001-இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் எடுத்த கூர்மையான படங்களில் அது வெறும் தட்டைக் குன்று.

கண்காட்சிக்கு நான் சொல்வது ஜெசெரோ பள்ளம். சுமார் 45 கி.மீ. விட்டமுள்ள இதன் விளிம்பை ஒட்டி, ஆறு ஏரியில் கலந்த இடத்தில் படியும் வண்டலைப் போல விசிறி வடிவம் ஒன்று மேலிருந்து எடுத்த படங்களில் தெரிந்தது. அதை நம்பித்தான் பெர்சிவரன்ஸை 2021 பிப்ரவரி 18 அன்று அங்கே இறக்கினார்கள். அந்த விசிறிக்கு வெளியே கோடியாக் என்ற சிறு குன்று தனியாக நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் அது ஒரு திட்டு, அவ்வளவுதான். ரோவர் சுமார் 2 கி.மீ. தள்ளி நின்று பக்கவாட்டில் எடுத்த படங்களிலோ, கிடையான படிவுகளும் அவற்றுக்கிடையே சாய்ந்து கிடக்கும் அடுக்குகளும் தெளிவாகத் தெரிந்தன. ஆறு ஏரியில் கொட்டும் வண்டல் அப்படித்தான் சாய்ந்து படியும். அங்கே ஏரி இருந்ததற்கு வலுவான சான்றாக 2021 அக்டோபரில் இது ஆய்விதழில் வெளிவந்தது. ஆர்பிட்டர் படம் கேள்வி எழுப்ப, ரோவர் படம் பதில் தந்தது என்று இரண்டையும் அருகருகே வைத்து, சாய்ந்த அடுக்குகளின் மேல் கோடு போட்டுக் காட்டினால் அருமையான பலகை அமையும். ஹைரைஸ் இணையப் பக்கத்தில் ஒரு பிக்சல் எத்தனை செ.மீ. என்று போட்டிருக்கும், குன்றின் அகலத்தை அவளே கணக்கிடலாம். அந்தக் கோப்புகள் மிகப் பெரியவை, சிறிய ஜேபெக் வடிவத்தை இறக்கினால் போதும். ஆனால் சிறிதாக்கிய படத்தில் பிக்சலின் அளவும் மாறும் என்பதால், அதற்குரிய அளவை வைத்துக் கணக்கிடட்டும். பலகையில் 'நாசா, ஜேபிஎல், அரிசோனா பல்கலைக்கழகம்' என்று நன்றி குறிப்பிடட்டும்.

ஹைரைஸ் குழு 'ஹைவிஷ்' என்ற பக்கத்தின் வழியே பொதுமக்களிடமும் யோசனை கேட்கிறது. இதுவரை படம் எடுக்காத இடத்தை வரைபடத்தில் குறித்து, ஏன் எடுக்கவேண்டும் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். வரிசை நீளம், எடுப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. காரணம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே எடுத்த படங்களை அவள் முதலில் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.