கடலடி மணலை அலையும் நீரோட்டமும் எப்படி நகர்த்துகின்றன?

கரையை ஒட்டிய கடலடி மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. கரையோரமாகவே பயணம் செய்கிறது. இதைக் கரையோர மணல் நகர்வு என்பார்கள்.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குவிந்து கிடக்கும் நெல்லைக் காற்று ஒன்றும் செய்யாது. முறத்தில் அள்ளி உயரத்திலிருந்து கொட்டினால்தான் பதரைக் கொண்டுபோகும். கடலில் முறம் அலை, காற்று நீரோட்டம். ஆழம் குறைந்த இடத்தில் அலையின் அசைவு தரையைத் தொட்டு, மணலை முன்னும் பின்னும் உலுக்கிக் கிளப்புகிறது. (தெளிந்த நீரில் காலடியில் தெரியும் வரிவரியான மடிப்புகள் அந்த உலுக்கலின் தடம்தான்.) கிளம்பிய மணலை மெதுவான ஓட்டம்கூட இழுத்துப் போய்விடும். அந்த ஓட்டமும் பெரும்பாலும் அலை தந்ததே: அலை சாய்வாக வந்து உடையும்போது நீர் கரையோரமாகத் தள்ளப்படுகிறது.

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். ஆனாலும் கூட்டிக் கழித்தால் வடக்குக்கே மிச்சம். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. நாம் சுண்டல் கொறித்தபடி நடக்கும் மணலில் பெரும்பகுதி அப்படி மாட்டிக்கொண்டதுதான். வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது.

கடல் மட்டம் உயர்ந்தால்தான் கரை அரியும் என்று பலர் நினைக்கிறார்கள். ராயபுரத்தில் முதன்மைக் காரணம் அதுவல்ல, போன மணலுக்கு ஈடாக மணல் வரவில்லை.