அஞ்சலிக் கூட்டத்தில் அரசியல் பேசலாமா?

கேள்வி: 1984-இல் இங்கிலாந்தில் கடத்திக் கொல்லப்பட்ட இந்தியத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரேவுக்காக, குன்னூரில் எங்கள் வாசகர் வட்டம் வரும் பிப்ரவரியில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்த இருக்கிறது. ஏற்பாடு குறித்துப் பேசும்போதே வாக்குவாதம் மூண்டுவிட்டது. அவர் கொல்லப்பட்ட சில நாட்களில் காஷ்மீர் பிரிவினை இயக்கத் தலைவர் மக்பூல் பட் தூக்கிலிடப்பட்டதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்கிறார்கள் சிலர். அஞ்சலியில் அரசியலைக் கலப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார்கள் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர்கள். கூட்டத்தை எப்படி நடத்துவது?

பதில்: அரசியல் பேசலாம். ஆனால் இறந்தவரை எந்தத் தரப்புக்கும் சாட்சியாக நிறுத்தாமல் பேச வேண்டும். அதற்கு முதல் வழி, கூட்டத்தின் முற்பகுதியை முழுவதும் அந்த மனிதருக்கே ஒதுக்கிவிடுவதுதான்.

பிப்ரவரி 3 அன்று பர்மிங்காமில், மகளின் பிறந்த நாளுக்கு வாங்கிய கேக்குடன் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது மாத்ரே கடத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 48. காஷ்மீர் விடுதலைப் படை என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு குழு, திகார் சிறையில் இருந்த மக்பூல் பட்டை விடுவிக்க வேண்டும், பத்து லட்சம் பவுண்டு தர வேண்டும் என்று கேட்டது. அடுத்த சில நாட்களுக்குள் அவருடைய உடல் லெஸ்டர்ஷயர் பகுதியின் கிராமப்புறச் சாலை ஒன்றில் கிடந்தது. பிப்ரவரி 11 அன்று பட் தூக்கிலிடப்பட்டார்.

உங்கள் கூட்டத்தில் வாக்குவாதம் இந்தத் தேதிகளைச் சுற்றியே எழும் என்பதால், பேசுகிறவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். மாத்ரே கொலைக்காக பட் தண்டிக்கப்படவில்லை. காவல்துறை அதிகாரி ஒருவரைக் கொன்ற வழக்கில் 1968-இலேயே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மாத்ரேவின் கொலைக்காக இங்கிலாந்து நீதிமன்றம் வேறு இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆண்டுக்கணக்கில் நிறைவேற்றப்படாமல் இருந்த தண்டனை ஏன் அந்த வாரத்தில் நிறைவேற்றப்பட்டது என்பது நியாயமான கேள்வி. அதை எழுப்புகிறவரைத் தேசத் துரோகி என்று அடக்கக் கூடாது. அதே நேரத்தில், பட்டுக்குத் தண்டனை விதித்த நீதிபதி நீலகண்ட கஞ்சூ 1989 நவம்பரில் ஸ்ரீநகரில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான், இந்தப் பழிவாங்கல் எங்கே போய் நின்றது என்பது கேட்பவர்களுக்கு முழுமையாகப் புரியும்.

முற்பகுதியில் என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். தூதரக அதிகாரியின் வேலை எத்தகையது என்பதை விளக்க உங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களில், கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து பெயரையும் பிறந்த ஊரையும் சரிபார்த்து ஒப்பமிட்டவர் மாத்ரேவைப் போன்ற ஓர் அதிகாரிதான். அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரை முதலில் பேச அழையுங்கள். கொல்லப்பட்டவர் யார் என்பதை அதற்குமேல் எந்த வரவேற்புரையும் உணர்த்திவிடாது.

ஓய்வுபெற்ற உறுப்பினர்களின் கவலையையும் எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் கொல்லப்பட்டபோது அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தம் மகனின் மரணத்தைத் தேர்தல் பிரச்சாரப் பொருளாக்க வேண்டாம் என்று அவருடைய தந்தை வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டும், அது பல ஆண்டுகள் கட்சிச் சண்டையாகவே நீடித்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அமைத்த விசாரணைக் குழு, அங்கிருந்த பாதுகாப்பு மிகவும் போதாததாக இருந்தது என்று எழுதியது. கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அந்த உண்மை வெளிவந்திருக்காது. தந்தையின் வேண்டுகோளும் நியாயம், விசாரணையும் நியாயம். தவறு, விடை வருவதற்கு முன்பே குற்றவாளியை முடிவு செய்துவிட்ட அவசரத்தில் இருந்தது.

அந்த அவசரம் எப்படிப்பட்டது என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது உதவிக்கு ஓடியவர்களும், மறுநாள் இறந்தவர்களின் உடல்களுடன் வெலிங்டனிலிருந்து சூலூருக்குப் போன ஆம்புலன்ஸ்கள் மீது சாலையோரம் நின்று பூத்தூவியவர்களும் உங்கள் மக்கள்தான். பூக்கள் வாடும் முன்பே செல்பேசிகளில் சதி என்ற பேச்சு பரவியது. எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் புகுந்ததே காரணம், நாசவேலை இல்லை என்று முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் வெளியானது.

பிற்பகுதி விவாதத்தில் கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தூதரக அதிகாரியின் உடலுக்கும் சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் தீங்கு நேராமல் தடுக்கத் தகுந்த நடவடிக்கை எடுப்பது அவரை ஏற்ற நாட்டின் கடமை என்கிறது, 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 29-ஆம் பிரிவு. அந்தக் கடமை நிறைவேறியதா என்பது பிரிட்டனிடம் கேட்க வேண்டிய கேள்வி. பணயமாகப் பிடிக்கப்பட்டவருக்காகக் கைதியை விடுவிக்கலாமா, தூக்குத் தண்டனையை அந்த வாரத்தில் நிறைவேற்றியது சரியா என்பவை இந்திய அரசிடம் கேட்க வேண்டியவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் குரல் உயர்கிறது. 'மாத்ரே இன்று இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்' என்று யார் தொடங்கினாலும், தலைமை வகிப்பவர் உடனே தடுக்க வேண்டும். அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

கட்சிக்காரர்கள் பேச விரும்பினால் பிற்பகுதியில், மற்றவர்களுக்கு உள்ள அதே நேரம் கொடுங்கள். மேடையில் கொடியும் துண்டும் வேண்டாம். இரங்கல் தீர்மானத்தை முற்பகுதி முடிந்ததும், விவாதம் தொடங்குவதற்கு முன்பே நிறைவேற்றிவிடுங்கள். அதில் அவருடைய பெயர், பணி, இறந்த விதம், குடும்பத்துக்கான ஆறுதல் ஆகியவை மட்டும் இருக்கட்டும். கோரிக்கை எதுவும் எழுந்தால் அதைத் தனித் தாளில் எழுதி, விரும்புகிறவர்கள் மட்டும் கையெழுத்திடலாம்.