அப்பா உயில் எழுதல, அண்ணன் பேப்பர நீட்டுறாரு: கையெழுத்து போடலாமா?

சிங்கப்பூர் யீஷூன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அக்கா, அப்பா தவறி மூணு மாசம் ஆச்சு. உயில் எதுவும் இல்ல. நாங்க மூணு பிள்ளைங்க, பெரிய அண்ணன், நான், தம்பி. நாலு ரூம் எச்டிபி (அரசு வீடமைப்பு) வீடு அப்பா அம்மா பேர்ல இருக்கு. பேங்க்ல அப்பா பேர்ல மட்டும் 62,000 வெள்ளி. சிபிஎஃப் (மத்திய சேம நிதி) இருக்கு. மன்னார்குடி பக்கம் அப்பா வாங்கின கொஞ்சம் நிலம், சித்தப்பா பயிர் பண்றாரு. அண்ணன் 'மூத்தவன் நான், எல்லாத்தையும் நானே பாத்துக்குறேன், கையெழுத்து போடுங்க'ன்னு பேப்பர் கொண்டாந்துட்டாரு. உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சேன்னு வேற சொல்றாரு. என்ன பண்றது?"

முதல்ல அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. "நிர்வாகம் பண்ற உரிமைய விட்டுக்குடுக்குறேன்"னு இருந்தா அது வேற, "என் பங்க விட்டுக்குடுக்குறேன்"னு இருந்தா அது வேற. முதல் வகைல உங்க பங்கு போகாது, கோர்ட்ல விண்ணப்பம் போடுற வேலைய மட்டும் இன்னொருத்தர்கிட்ட விடுறீங்க. ரெண்டாவதுல போட்டா போனது போனதுதான். நான் லாயர் ஆபீஸ்ல இந்த ஃபைலுங்க கூடவே காலம் தள்ளுறவ, ரெண்டு விஷயத்தையும் ஒரே பக்கத்துல கலந்து அடிச்ச பேப்பர்லாம் பாத்திருக்கேன். புரியாம எதுலயும் போடாதீங்க.

அப்புறம், உங்க வீட்ல எல்லாரும் "சொத்து"ன்னு ஒரே மூட்டையா கட்டி வச்சு சண்ட போடுறீங்க. அப்படி ஒரு மூட்டையே கிடையாது. வீடு ஒரு வழியா போகும், சிபிஎஃப் வேற வழி, பேங்க் காசு வேற வழி, ஊர் நிலம் இந்த நாட்டு சட்டத்துக்குள்ளயே வராது. பிரிச்சுப் பாத்தா பாதி சண்டைக்கு வேலையே இருக்காது.

வீட்ட எடுத்துக்கங்க. அம்மாவோட சிங்பாஸ்ல (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) எச்டிபி பக்கத்துக்குள்ள போயி அப்பாவும் அம்மாவும் எந்த முறைல சேந்து வச்சிருந்தாங்கன்னு பாருங்க. ஜாயிண்ட் டெனன்சின்னு இருந்தா, புருஷன் பொண்டாட்டி பெரும்பாலும் அப்படித்தான் வாங்கியிருப்பாங்க, அப்பா இறந்த நிமிஷமே வீடு முழுசும் அம்மாவுது. அதுல அண்ணனுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல, தம்பிக்கும் இல்ல. சிங்கப்பூர் நில ஆணையத்துல இறப்பு அறிவிப்பு பதிஞ்சு அப்பா பேர எடுத்துட்டா முடிஞ்சுது. டெனன்சி இன் காமன்னு இருந்தாத்தான் அப்பாவோட பங்கு தனியா பிரிஞ்சு, பேங்க் காசு போற அதே வழில போகும்.

சிபிஎஃப்ல நாமினேஷன் இருந்தா அதுல யார் பேரோ அவங்களுக்கு. உயில் எழுதியிருந்தாலும் சிபிஎஃப் காச அது தொடாது, இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. இன்னொண்ணு, அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க அம்மா பேர எழுதியிருந்தா அது கல்யாணம் ஆன அன்னிக்கே செல்லாம போச்சு. அதுக்கப்புறம் புதுசா எழுதலன்னா காசு அரசாங்கத்தோட பப்ளிக் டிரஸ்டி ஆபீசுக்குப் போகும், அவங்க ஒரு கட்டணத்த புடிச்சுக்கிட்டு சட்டப்படி பிரிச்சுக் குடுப்பாங்க. இதுக்கு கோர்ட் வேணாம், அண்ணன் கையெழுத்தும் வேணாம்.

இப்ப அந்த 62,000. 50,000 வெள்ளிக்குள்ள இருந்து சண்ட சச்சரவும் இல்லன்னா பப்ளிக் டிரஸ்டியே பாத்துக்க வழி இருக்கு, உங்களுது தாண்டிடுச்சு, அதனால குடும்ப நீதிமன்றத்துல லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்த நிர்வாகம் பண்ண கோர்ட் குடுக்குற அனுமதி, வாங்கணும். உயில் இருந்தா அதுக்குப் பேரு புரோபேட், இல்லாததுனால இது. யார் கேக்கலாம்? இங்கதான் அண்ணன் தப்புக் கணக்கு போடுறாரு. முதல் உரிமை மனைவிக்கு, பிள்ளைங்க அடுத்துத்தான். மூத்தவன்ங்குற வரிசையே சட்டத்துல கிடையாது. அம்மாவே விண்ணப்பிச்சா அண்ணன் சம்மதம்லாம் தேவையில்ல. அவரு மறுப்பு தெரிவிச்சு கேவியட் (தடை மனு) போட்டு இழுக்கலாம், ஆனா மறுக்க காரணம் வேணும்ல. அம்மாவுக்கு முடியலன்னு ஒதுங்கினாத்தான் உங்க மூணு பேருக்கும் சம உரிமை வரும், அப்பதான் ஒருத்தர் முன்னாடி போக மத்தவங்க ஒத்துக்கணும்.

பங்கு கணக்கு 1967ம் வருஷத்து இண்டஸ்டேட் சக்சஷன் சட்டப்படி சிம்பிள்தான். கடன் இருந்தா அதையும் இறுதிச் சடங்கு செலவையும் கழிச்சுட்டு பாதி மனைவிக்கு, மீதி பாதி பிள்ளைங்களுக்கு சமமா. ஒண்ணும் கழிக்க வேண்டியதில்லன்னு வச்சா அம்மாவுக்கு 31,000, உங்க மூணு பேருக்கும் ஆளுக்கு 10,333 சொச்சம். ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்ல, நகை போட்டதெல்லாம் இதுல கழிக்க மாட்டாங்க. எஸ்டேட் வரியும் கிடையாது, 2008 பிப்ரவரி 15ல எடுத்தாச்சு. (முஸ்லிம் குடும்பமா இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது, ஃபராயிழ் முறைப்படி ஷரியா நீதிமன்றத்துல வாரிசுச் சான்றிதழ் வாங்கணும்.) இறந்து ஆறு மாசம் தாண்டிட்டா ஏன் லேட்டுன்னு கோர்ட்டுக்கு விளக்கம் சொல்லணும், உங்களுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு.

அப்பாவோட ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு? ரகசிய எண் தெரியும்னு இறந்த பிறகு எடுக்குறது இங்க ரொம்ப சகஜம், மண்டாய்ல தகனத்துக்கு காசு கட்டணுமேன்னு நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிக்கும், அப்புறம் ஆறு மாசம் கழிச்சு "அந்த ரெண்டாயிரம் எதுக்கு எடுத்த"ன்னு நிக்கும். இனிமே யாரும் தொடாதீங்க. ஏற்கனவே எடுத்திருந்தா ரசீத ஒரு கவர்ல போட்டு அம்மாகிட்ட குடுங்க. தகனச் செலவுக்குன்னு பேங்க்கிட்ட நேரா கேட்டாலே சில சமயம் விடுவாங்க.

மன்னார்குடி நிலம்தான் தலவலி. சிங்கப்பூர் கோர்ட் பேப்பர கொண்டு போயி காட்டினா தாலுகா ஆபீஸ்ல பட்டா மாத்த மாட்டாங்க, நிலம் எங்க இருக்கோ அந்த ஊர் சட்டம்தான். நீங்க இந்து குடும்பம்னா 1956ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்பா சொந்தமா வாங்கினதா இருந்தா அம்மா, மூணு பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு சம பங்கு. ஆனா அப்பாவோட அம்மா, அதாவது உங்க அப்பாயி, இன்னும் உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு, நாலு பங்கு அஞ்சு பங்காயிடும். சிங்கப்பூர் கணக்குல மனைவி பிள்ளை இருக்கும்போது பெத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல, அங்க இருக்கு. உங்க கேள்வில அப்பாயி பத்தி ஒரு வார்த்த இல்ல. அவங்க இருக்காங்கன்னா சித்தப்பா எந்தப் பக்கம் பேசுவாருன்னு நான் சொல்ல வேணாம்.

ஊருக்கு ஓடுறதுக்கு முன்னாடி தமிழ்நாடு பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, நிலம் இன்னும் அப்பா பேர்லதான் நிக்குதான்னு தெரிஞ்சுடும். அப்புறம் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் பட்டா. இங்க இருந்தே பவர் எழுதிக் குடுக்குறதா இருந்தா அந்த வேலைக்கு மட்டும்னு எழுதுங்க, விக்கவும் சேத்து பொதுவா எழுதிடாதீங்க.

இதெல்லாம் ஓடும்போதே அம்மாவையும் ஒரு உயில் எழுத வைங்க, சிபிஎஃப் நாமினேஷனையும் பாக்கச் சொல்லுங்க, ஏன்னா ஜாயிண்ட் டெனன்சியா இருந்தா வீடு இப்ப அவங்க கைல. ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல கூட இருந்து கையெழுத்து போடணும். அதுல உங்க வீட்டுக்காரர உக்கார வைக்காதீங்க, வாரிசோட கணவன் மனைவி சாட்சியா நின்னா அந்த வாரிசுக்கு எழுதினது செல்லாது. பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேர கூப்பிடுங்க.