ஆத்தாவின் ரிப்போர்ட்டில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’

கேள்வி: 62 வயதான என் ஆத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று போட்டிருக்கிறது. புற்று பரவாமல் தடுக்கும் புரதமாம் அது. புரோட்டீன் பவுடரும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தால் ஊறுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஊறாது. சாப்பிடும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். ஈ-கேட்ஹெரினை ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே தயாரித்தாக வேண்டும். அதற்கான சிடிஎச்1 மரபணுதான், ஈ-கேட்ஹெரின் இல்லாத இந்த வகைப் புற்றில் பெரும்பாலும் பழுதாகிவிடுகிறது.

இந்தப் புரதம் செல்லின் சவ்வைத் துளைத்து வெளியே நீண்டு, பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி விறைப்பாக நிற்கக் கால்சியம் தேவை. உங்கள் ஊர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு மாதிரி என்று வையுங்கள். ஆனால் கல்லே இல்லாத இடத்தில் சுண்ணாம்பைக் குழைத்து என்ன பயன்? கால்சியம் மாத்திரை எலும்புக்காக வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பிடி விட்ட செல்கள் கட்டியாகத் திரளாமல் எறும்புச் சாரை போல ஒற்றை வரிசையில் திசுவுக்குள் நுழையும். இதுவே லோபுலர் (பால்சுரப்பி மடல்) வகை. மார்பகப் புற்றுகளில் 10 முதல் 15 சதவீதம். கைக்குக் கட்டி தட்டுப்படாமல் போகலாம், மேமோகிராமிலும் தப்பிவிடலாம். எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள்.

‘நெகட்டிவ்’ என்றால் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. வகையைத்தான் அது சொல்கிறது. ‘தடுக்கும் புரதம்’ என்பதும் பாதி உண்மையே. டக்டல் (பால்குழாய்) வகைப் புற்று, இந்தப் புரதத்தை வைத்துக்கொண்டே பரவுவதுண்டு.

ரிப்போர்ட்டில் ஒன்றைப் பாருங்கள். அதே ஸ்லைடில் உள்ள நல்ல பால்குழாய்ச் செல்களில் ஈ-கேட்ஹெரின் இருப்பதால், அவற்றின் ஓரம் பழுப்பாகச் சாயம் ஏறியிருக்க வேண்டும். அதுவும் ஏறாவிட்டால் சோதனையே சரியில்லை. திசுவை, அது கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வைப்பது முறை. எடுத்த பிறகு அதில் போடத் தாமதித்தாலும் முடிவு தவறலாம். சந்தேகமிருந்தால் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை வாங்கி வேறு லேபில் காட்டலாம்.

மருந்தை முடிவு செய்வது ரிப்போர்ட்டில் உள்ள ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் புரதம்) வரிகள். லோபுலரில் பெரும்பாலும் ஈஆர் பாசிட்டிவ். அப்படியானால் லெட்ரோசோல், டமாக்ஸிபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் உதவும்.

குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிடிஎச்1 பழுது பரம்பரையாகவும் வரும்.