மக்களே நடத்தும் உடல்நல ஆய்வுக்கு நிதி கேட்டு எப்படி எழுதுவது?

"எங்கள் பகுதி மக்களே சேர்ந்து ஓர் உடல்நல ஆய்வு செய்ய நினைக்கிறோம், புரபோசல் எழுதத் தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் பதிவுச் சான்றிதழைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லாத சின்ன அமைப்பு உங்களுடையது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

நான் தூத்துக்குடிப் பக்கம். அம்மா முப்பது வருடம் உப்பளத்தில் வாருபலகை (உப்பை வாரிச் சேர்க்கும் பலகை) இழுத்தவர். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதான், ஒதுங்க ஒரு மரம்கூட இருக்காது. அம்மா வேலை பார்த்த அளத்தில் கழிப்பறையும் கிடையாது. அதனால் விடியுமுன் வேலைக்குப் போகிற பெண்கள் வீடு திரும்பும்வரை தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் தெருவில் நீர்க்கடுப்பு வராத வீடு இருக்காது. 'இது சிறுநீரகம் வரைக்கும் போகுமா, எத்தனை மணி நேரம் அடக்கினால் கெடுதல்?' எங்கள் சங்கத்துப் பெண்கள் கேட்ட கேள்வி இதுதான்.

மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான ஐசிஎம்ஆரில் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று போனோம். தொண்டு நிறுவனம் என்றால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டிஎஸ்ஐஆரின் அங்கீகாரம் வேண்டும் என்றார்கள். எங்களிடம் இல்லை. அதனால் ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தோம். புரபோசலை அவர்களே ஆங்கிலத்தில் எழுதினார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். பணமும் வந்தது. கேள்வித்தாள் வந்த அன்றுதான் புரிந்தது. எங்கள் கேள்வி அதில் இல்லை. 'தூய்மை பற்றிய அறிவு, மனப்பான்மை, பழக்கம்' என்று மாறியிருந்தது. 'போதிய தண்ணீர் குடிப்பது அவசியம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆம் / இல்லை.' நான் வாசித்துக் காட்டியதும் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏ பிள்ள, தண்ணி குடிக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? குடிச்சா எங்க போக?"

அறிக்கையில் கடைசியாக எழுதியது, இந்தப் பெண்களிடம் விழிப்புணர்வு போதாது என்று. அதை அவர்கள் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட வேண்டிய வேலை எனக்கு. இன்றும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

படித்த ஆய்வாளர்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யத் தெரியாது, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒரு மருத்துவக் கல்லூரி மூலமாகத்தான் கிடைத்தது. அது கட்டாயம் வேண்டும், குறுக்குவழி தேடாதீர்கள். நான் சொல்வது வேறு. அந்த முதல் புரபோசலின் பட்ஜெட்டைப் பிறகு ஒருநாள் வரிவரியாகப் பார்த்தேன். சம்பளம், பயணம், கருத்தரங்கு, அச்சு எல்லாம் இருந்தது. எங்கள் பெண்கள் பெயரில் இருந்தது டீ, பிஸ்கட் மட்டும். பேட்டிக்கு உட்கார்ந்த நாளில் அவர்களுக்குப் பாதிச் சம்பளம் போனது.

அதனால் நீங்கள் பட்ஜெட்டை முதலில் எழுதுங்கள், நோக்கம், பின்னணி எல்லாம் அப்புறம். இழக்கிற கூலி முதல் வரியாக இருக்கட்டும். 'காசு கொடுத்துப் பதில் வாங்குகிறீர்கள்' என்று யாராவது ஆட்சேபிப்பார்கள். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளே, பங்கேற்பவர் செலவழித்த நேரத்துக்கும் பட்ட சிரமத்துக்கும் பணம் தரலாம் என்கின்றன. தொகை ஆசை காட்டுவதாக இருக்கக் கூடாது, நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முடிவுகளை ஊரில் தமிழில் சொல்லும் கூட்டத்துக்கும் தனி வரி போடுங்கள். வரி இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் நடக்காது.

யார் தருவார்கள்? முன்பெல்லாம் வெளிநாட்டுப் பணம் வாங்கும் பெரிய அமைப்புகள் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவுக்கு 2020இல் வந்த திருத்தம் அதைத் தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டது. மிச்சம் இருப்பது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியும் உள்ளூர் நன்கொடையும். சிஎஸ்ஆர் என்றால் 12ஏ, 80ஜி என்னும் வருமான வரிப் பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் இரண்டாவது புரபோசல் ஆறே பக்கம், தமிழில் பேசி எழுதி, பிறகு மொழிபெயர்த்தது. பெண்கள் கேட்ட கேள்வியை அவர்கள் சொற்களிலேயே முதல் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பா. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு புளியங்கொட்டை, ஒதுங்கிவிட்டு வந்தால் ஒரு சிப்பி. வீட்டுக்கு வந்ததும் எண்ணி நோட்டில் எழுத வேண்டும். இதெல்லாம் ஆய்வா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டார். சிப்பியே விழாத டப்பாக்களை வரிசையாக வைத்துக் காட்டிய அன்று, அளத்து முதலாளிகளில் ஒருவர் தற்காலிகக் கழிப்பறை வைக்க ஒப்புக்கொண்டார். ஒருவர்தான், ஆனாலும் வைத்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல திட்டம். அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. வேலை பார்த்ததற்குச் சான்று தர அம்மாவின் கங்காணி மறுத்துவிட்டார். முப்பது வருட வேலைக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வெடித்துப்போன பாதத்தைக் காட்டினால் யாரும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலண்டரைப் பாருங்கள். எங்களுக்குப் பணம் ஐப்பசியில் வந்தது. மழை, அளத்தில் ஆளே இல்லை. செலவுக் கணக்கை மார்ச் 31க்குள் முடிக்கச் சொன்னார்கள். எங்கள் பிரச்சினையோ ஏப்ரல், மே வெயிலில்தான். மூன்று கடிதம் எழுதி ஜூன் வரை நீட்டிப்பு வாங்கினோம். உங்கள் ஊர் நோய் எந்த மாதத்தில் வருகிறதோ அந்த மாதம் ஆய்வுக் காலத்துக்குள் விழும்படி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.