ஒட்டுண்ணி அட்டையில் ஆண் குளவியே வருகிறதா?

கேள்வி: கரும்பில் இடைக்கணுப்புழுவுக்காக டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் அட்டையை (குளவி முட்டையிட்ட அந்துப்பூச்சி முட்டைகள் ஒட்டிய தாளை) நானே தயாரிக்கிறேன். சில தலைமுறைகளாகப் பெண் குளவி குறைந்துவிட்டது. கூடுதல் குரோமோசோம் ஒன்று இப்படிச் செய்யும் என்கிறார்கள். உண்மையா, ஐயா?

பதில்: அப்படி ஒரு குரோமோசோம் உண்டு. ஆனால் முதலில் வளர்ப்பு முறையைச் சரிபாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இந்தக் குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். அதனால் இணைசேராத தாய்க்கு ஆண் மட்டுமே பிறக்கும். குளவி வெளிவரும் ஒரு தாய் அட்டைக்கு, கார்சைரா என்னும் அந்துப்பூச்சியின் முட்டை ஒட்டிய ஆறு புதிய அட்டை வையுங்கள். அதைக் குறைத்தால் நெரிசலில் பெண்கள் ஆண் முட்டையையே கூடுதலாக இடும். அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் ஆணின் இனப்பெருக்கத் திறன் குறையும்.

இனி அந்தக் குரோமோசோம். உயிர் வாழத் தேவையில்லாத இத்தகைய உபரிகளைப் 'பி குரோமோசோம்' என்பார்கள். 1907இல் வில்சன் நாவாய்ப்பூச்சிகளில் கண்டு எழுதினார். பலவற்றால் பூச்சிக்குப் பெரிய பாதிப்பில்லை. நாசோனியா விட்ரிபென்னிஸ் குளவியிலும், மொஹாவி பாலைவனத்து டிரைக்கோகிரம்மா கைகாயிலும் உள்ள பி.எஸ்.ஆர். என்னும் பி குரோமோசோம் மட்டும் பொல்லாதது. விந்தோடு முட்டைக்குள் போய், தன்னைத் தவிர தந்தை வழிக் குரோமோசோம் அத்தனையையும் அழித்துவிடும். தாய் வழித் தொகுதி மட்டும் மிஞ்சுவதால், மகளாக வேண்டியது மகனாகிறது. அந்த மகன் பி.எஸ்.ஆரைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறான். தன்னைச் சுமக்கும் உயிரின் மரபையே அழித்துப் பிழைக்கும் இது, மரபியலில் மிகத் தீவிரமான சுயநல மரபுக்கூறுகளுள் ஒன்று.

சோதிக்கும் வழி இது. குளவி முட்டையிட்டதால் கறுத்த கார்சைரா முட்டைகளைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பொரிக்க விடுங்கள். வரும் பெண்கள் இணைசேராதவை. உணர்கொம்பில் நீண்ட மயிர் இருந்தால் ஆண். ஆண் மட்டுமே பிறந்த ஈடுகளிலிருந்து (ஈடு என்பது ஒரே தாயின் குஞ்சுகள்) பத்து மகன்களை எடுத்து, வேறு வளர்ப்பிலிருந்து இப்படிப் பிரித்த பெண்களோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேருங்கள். எல்லாவற்றிலும் மகள்கள் வந்தால் குறை வளர்ப்பில்தான். சிலவற்றில் மகன்களே வந்து, அவர்களின் சந்ததியிலும் அதே தொடர்ந்தால் பி.எஸ்.ஆர். போன்ற ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் வளர்ப்பு முழுவதையும் கொட்ட வேண்டாம். மகள்கள் பிறந்த ஈடுகளை மட்டும் வைத்துப் பெருக்குங்கள்; பி.எஸ்.ஆர். மகள்களிடம் தங்காது.

அதுவரை வயலில் விடுவதற்கான அட்டையை வெளியே வாங்குங்கள்: ஹெக்டேருக்கு 2.5 சிசி (முட்டையின் கன அளவு), நான்காம் மாதம் முதல் 15 நாளுக்கொரு முறை, ஆறு தடவை. புழுவின் முட்டையைத் தாக்குவது பெண் குளவி மட்டுமே.